கால் எட்டாத மெத்தை

“இதுல படுக்கப் போறது யாரு?”

கல்கத்தாவில், டாலிகஞ்ச் மெத்தைக் கடையில் விற்பனைக்காரர் வங்காளத்தில் இப்படித்தான் கேட்டார். கேட்டது தமிழரசியை. அவளுக்குப் பதில் தெரியும். பாஷையும் தெரியும், வங்காளம் அவளுக்குத் தமிழைவிடச் சரளம். ஆனாலும் புது ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவதென்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, “மா” என்றாள்.

“மா எங்கே?”

“வீட்டில.”

“அப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க. படுக்கிறவங்க படுத்துப் பாக்கணும். இது என்ன, சோப்பா, யார் வேணா வாங்கிட்டுப் போக?”

அம்மாவை எப்படிக் கூட்டிவருவது? பெஹாலா சந்துக்குள் இருக்கும் வீட்டிலிருந்து ஆட்டோ நிற்குமிடம் வரை நடக்கவே அம்மாவால் ஆகாது. குழாயடியில் வாளியைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ பிசகிய நாளிலிருந்து அவள் உலகம் மூன்றடி அகலக் கட்டில்தான். அன்றிலிருந்து தமிழரசிக்கும் பள்ளிக்கூடம் இல்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாரம் லீவு போட்டாள், அது இரண்டு வாரமானது, பிறகு அதை லீவு என்று சொல்வதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

அப்பா வேலாயுதம் முன்னால் வந்தார். தாராதலா பக்கம் ஒரு கிடங்கில் சரக்கு எடை போடுகிற வேலை அவருக்கு. இருபது வருஷமாக மூட்டைகளைப் பார்த்துப் பார்த்து, எந்த மனிதரைக் கண்டாலும் முதலில் எடைதான் தோன்றும்.

“தாதா, இதோ இவதான் அவ,” என்றார் தன் உடைந்த வங்காளத்தில், அவரை அண்ணன் முறை வைத்து. “ரெண்டு பேரும் ஒரே உசரம், ஒரே எடை. நாப்பத்தாறு கிலோ. ஒரு கிலோ கூடக் குறைய இருந்தா நான் பேரை மாத்திக்கறேன். எங்க கிடங்குல ஆயிரம் மூட்டை வந்தா ஆயிரத்தையுமா பிரிச்சுப் பாக்குறோம்? ஒண்ணுல கம்பியைக் குத்தி எடுத்துப் பாத்தா மத்ததெல்லாம் தெரிஞ்சுடும்.”

விற்பனைக்காரர் தமிழரசியைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். “சரி. செருப்பைக் கழட்டிட்டுப் படும்மா.”

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே துர்கா பூஜைக் கூட்டம். மகாளயம் முடிந்திருக்கவில்லை, அதற்குள்ளேயே தெருவில் நடக்க இடமில்லை. புதுத் துணிப் பைகளோடு போகிறவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோலத் தமிழரசிக்கு இருந்தது. சல்வாரை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு, முதல் மெத்தையில் விறைத்துப்போய்ப் படுத்தாள்.

“இது தேங்காய் நார். கெட்டியா இருக்கும். டாக்டருங்க சொல்றது இதைத்தான்,” என்றார் விற்பனைக்காரர்.

“எப்படி இருக்கு?” என்றார் அப்பா.

கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவுக்கு வலிக்கும் இடத்தைத் தன் முதுகில் தேடினாள். தினமும் எண்ணெய் தேய்த்துவிடும் இடம்தான், கையை வைத்துச் சொல்லிவிடுவாள். ஆனால் அவளுடைய முதுகில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பதினாறு வயது முதுகு. அதற்கு நாரும் ஒன்றுதான், பஞ்சும் ஒன்றுதான்.

“தெரியலப்பா.”

“தெரியலைன்னா? அம்மா மாதிரி நெனச்சுக்கிட்டுப் படு.”

இரண்டாவது மெத்தையில் அம்மா மாதிரியே ஒருக்களித்துப் படுத்தாள். அம்மா மாதிரியே மெல்ல முனகியும் பார்த்தாள். பக்கத்தில் தலையணை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்ததும் உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது அவளுக்கு மனப்பாடம். வீட்டிலிருக்கும் பழைய பஞ்சு மெத்தை நடுவில் படகு மாதிரிக் குழிந்துவிட்டது. அந்தக் குழிக்குள் விழுந்து கிடந்தால் முதுகு எப்படி நேராகும்? நல்ல மெத்தையில் படுக்க வேண்டும். ஒருக்களித்து, இரண்டு கால்களையும் கீழே தொங்கவிட்டு, பாதத்தைத் தரையில் அழுந்த ஊன்றி, கையால் உந்தி எழ வேண்டும். யாரும் தூக்கிவிடக் கூடாது. அப்படிப் பழகினால் கொஞ்ச நாளில் அம்மா தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வாள்.

அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றுதான் அப்பா சொன்னார்: “உங்கம்மா தானா எழுந்து பாத்ரூம் போயிட்டா போதும். ஜனவரில நீ ஸ்கூலுக்குப் போ.”

 அன்றிலிருந்து மெத்தை என்ற சொல் காதில் விழுந்தாலே தமிழரசி கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

மூன்றாவது மெத்தை உயரமாக, தடிமனாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. விற்பனைக்காரர் அதைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். “உள்ளே ஸ்பிரிங், மேலே ரெண்டு விதமான ஃபோம். முதுகைத் தாங்கும், உடம்பை உறுத்தாது. பெரிய பெரிய ஆஸ்பத்திரி டாக்டருங்களே வீட்டுக்கு வாங்கிட்டுப் போறாங்க.”

படுத்தாள். உடம்பு ஒரு கணம் இறங்கி, பிறகு ஏதோ ஒன்று அவளை அடியிலிருந்து மெல்ல ஏந்திக்கொண்டது. தோள் தளர்ந்தது. மார்பில் கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்து விழுந்தன. அரசீ என்று யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் கொடு, திருப்பிப் படுக்க வை, காலை நீட்டிவிடு என்று எதுவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே கூட்டம் போவதுகூட மறந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தூங்கியே போயிருப்பாள்.

“என்ன புள்ள, எழுந்திரு. அம்மாவுக்குச் சரியா வருமா?”

“வரும்ப்பா. இதுதான்.”

அவள் இவ்வளவு உறுதியாக எதையும் சொல்லி அப்பா கேட்டதில்லை. சட்டைப் பையிலிருந்து சணல் கயிற்றை எடுத்தார். கட்டிலின் நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டு வந்திருந்தார். விற்பனைக்காரர் டேப்பை வைத்து அளந்தார். நீளம் சரி, அகலம் சரி.

உயரத்துக்கு அந்தக் கயிற்றில் முடிச்சு இல்லை. எதற்கு இருக்கப்போகிறது? அந்த வீட்டில் இதுவரை இருந்ததெல்லாம் பஞ்சு மெத்தை. போட்ட இரண்டு மாதத்தில் அது கனத்த ஜமக்காளம் மாதிரி ஆகிவிடும். மெத்தைக்கு உயரம் என்று ஒன்று உண்டென்பது அவர்கள் மூன்று பேருக்குமே தெரியாது.

பழைய மெத்தையைக் கொடுத்தால் தள்ளுபடி உண்டு என்றார் விற்பனைக்காரர். அப்பா உடனே சரி என்றார்.

*

மெத்தை வந்த அன்று சந்தில் திருவிழா மாதிரி இருந்தது. வேனிலிருந்து இரண்டு பேர் அதைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பழையதைச் சுருட்டிக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது மெத்தையைக் கட்டிலில் போட்டதும் மூன்று பேரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள்.

பெஹாலாவின் தாழ்வான சந்துகளில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் வரும் ஆஷாட மாதத்து மழை பிடித்துக்கொண்டால் சாக்கடையும் குளமும் ஒன்றாகி வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வரும். அதனால் எல்லா வீட்டிலும் கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருப்பார்கள். வேலாயுதம் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். ஒவ்வொரு காலுக்கும் நாலு செங்கல் வைத்து, நகராமலிருக்கச் சிமெண்டும் பூசிவிட்டார். அந்த உயரத்துக்குக் கீழேதான் வீடே இருந்தது. அரிசி டிரம், துணி டிரங்குப் பெட்டி, மாற்று சிலிண்டர், பாத்திர மூட்டை எல்லாம் அங்கேதான். அவற்றுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்கு இடம்; தமிழரசி படுப்பது அங்கே. அப்பா வெளி வராண்டாவில் மற்றக் குடித்தன ஆண்களோடு படுத்துக்கொள்வார்.

இத்தனை உயரத்தில் இருந்த கட்டிலின் மேல் இப்போது புது மெத்தை.

பக்கத்துக் குடித்தனத்து ரத்னா பௌதி, சந்தில் எல்லோருக்கும் அண்ணி முறை, வாசலில் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “வேலு தாதா, மெத்தை வாங்கினது சரி. ஏறுறதுக்கு யானை எப்ப வருது?”

அப்பாவும் சிரித்தார். “ஏறிட்டா இறங்கவே மனசு வராது பௌதி, அப்படிப்பட்ட சாமான்.”

அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அம்மாவை ஏற்றினார்கள். அம்மா படுத்தாள். கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்தது.

“என்ன, வலிக்குதா?” என்று அப்பா பதறினார்.

“இல்லீங்க. வலிக்கல. அதான்.”

அதுதான் கொடுமை. மெத்தை நல்ல மெத்தை. அன்று இரவு அம்மா முனகவில்லை. மறுநாள் தானாகவே புரண்டு படுத்தாள். நவமிக்குப் பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடிக்கும்போது காலால் தாளம்கூடப் போட்டாள். டாக்டர் சொன்னபடி ஒருக்களித்தாள், கால்களைக் கீழே தொங்கவிட்டாள்.

கால்கள் தொங்கின. தரை எங்கோ கீழே இருந்தது.

“அரசீ,” என்றாள் அம்மா. “வந்து பிடி.”

அப்பா தச்சரிடம் சொல்லி இரண்டு படி வைத்த பலகை ஒன்று செய்து கொண்டுவந்தார். பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு அது உதவியது. இறங்குவதற்குத்தான் ஆகவில்லை. குனிந்து படி எங்கே என்று பார்க்க அம்மாவின் முதுகு விடாது. ஓரத்துக்கு நகர்ந்தால் மெத்தையின் விளிம்பு அமுங்கி, சறுக்குமரம் மாதிரி அவளை வெளியே தள்ளும். லட்சுமி பூஜைக்கு மறுநாள், தமிழரசி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், அம்மா தனியாக இறங்கிப் பார்த்தாள். வாளியோடு திரும்பி வந்தபோது பலகை கவிழ்ந்து கிடந்தது. அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் கட்டில் விளிம்புக்கு வந்தாலே அரசீ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

பழைய மெத்தை இருந்தவரை தமிழரசிக்குத் தூங்கக் கொஞ்சம் நேரமாவது இருந்தது. குழிக்குள் கிடந்த அம்மா எழப் பார்க்கவே மாட்டாள். இப்போது உடம்பு தேறியதால் அம்மாவுக்கு எழ ஆசை வந்தது. உட்கார வேண்டும், ஜன்னல் வரை போக வேண்டும், அடுப்பைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தமிழரசி பலகை மேல் ஏறி, அம்மாவின் கைகளைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மார்போடு அணைத்து இறக்க வேண்டும். நாப்பத்தாறு கிலோவை நாப்பத்தாறு கிலோ தூக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார்.

“செங்கல்லைப் பேத்துடறேன். அடுத்த மழை வரும்போது பாத்துக்கலாம்.”

முதலில் கீழே இருந்ததையெல்லாம் வெளியே இழுத்தார்கள். டிரம் வந்தது, டிரங்குப் பெட்டி வந்தது, சிலிண்டர் வந்தது, பாத்திர மூட்டை வந்தது. கால் வைக்க இடமில்லாமல் அறை நிறைந்துவிட்டது. சமையல் மேடைக்குப் போக டிரம் மேல் ஏறித்தான் போக வேண்டும். வராண்டாவில் வைக்கலாமென்றால் வீட்டுக்காரர் ஸ்ரீநிவாஸ் பாபு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “வேலாயுதம், வராண்டா பொதுவழி,” என்றார்.

தமிழரசி மெல்லச் சொன்னாள்: “அப்பா, எல்லாத்தையும் இங்கேயே வெச்சுடுங்க. நான் வராண்டாவுல படுத்துக்கறேன்.”

அப்பா அவளை முறைத்தார். “வயசுப் பொண்ணு வராண்டாவுலயா? வாய் பேசாம இருந்தா புத்தியும் போயிடுமா?”

சாயங்காலம் வரை சாமான்களுக்கு நடுவே சுத்தியலோடு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே தள்ளினார். ஒரு செங்கல்லில் மட்டும் உளி பட்ட வெள்ளைத் தழும்பு நின்றது.

கடைக்குப் போன் செய்து பார்த்தார்கள். படுத்துப் புழங்கிய மெத்தையைத் திரும்ப எடுப்பதில்லையாம். “உங்க பொண்ணுதானே படுத்துப் பாத்துச் சொன்னாங்க?” என்று கேட்டாராம் அந்த மனிதர். அப்பா அதை அப்படியே வந்து வீட்டில் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் தமிழரசி அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடையில் கண்ணை மூடிப் படுத்தபோது அவள் அம்மாவாக இல்லை. அவளாகத்தான் இருந்தாள். அவளுடைய தூக்கத்துக்கு அளவெடுத்து வாங்கிய மெத்தை அது. அவள் அதன் அடியில் படுத்திருக்கிறாள்.

*

பௌஷ மாதத்து மார்கழிக் குளிரில், தோளில் சால்வையும் கையில் ஒரு பை ஆரஞ்சுமாக வத்சலா டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். தமிழரசி படித்த பள்ளியில் பூகோளம் எடுப்பவர். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் குடும்பம். தமிழ்ப் பெண் என்பதால் அவள்மேல் அவருக்குத் தனிக் கரிசனம்.

“ஏண்டி, வாசல்லயே நிக்கறே? உள்ளே வரச் சொல்ல மாட்டியா? அப்படியேதான் இருக்கே, வாயைத் திறக்காம.” பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டிலை அண்ணாந்து பார்த்தார். “மாமி, உங்களுக்குத் தேவலையாமே? சந்தோஷம். ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட நான் பேசிட்டேன். விட்ட கிளாஸ்லேயே சேத்துக்கறேன்னு சொல்லிட்டா. இந்த வாரத்துக்குள்ள வந்து பேரைக் கொடுத்துடணும். அடுத்த வருஷம்னா வயசு தாண்டிடும், அப்புறம் நானே நெனச்சாலும் முடியாது.”

தமிழரசி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். டீ கொதித்து மேலே வந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள், இறக்கவில்லை.

“போகட்டும் டீச்சர்,” என்றாள் அம்மா. “நான் என்ன வேணாம்னா சொல்றேன்? பாவம், என்னால கெட்டுது அது படிப்பு. எனக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு. வலியே இல்ல.”

“அப்போ பகல்ல நீங்க தனியா இருந்துப்பேளோல்லியோ?”

“இருந்துக்குவேன். என்ன பெரிய வேலை? எழுந்து பாத்ரூம் போகணும், வரணும். அவ்வளவுதானே?”

“அம்மா,” என்றாள் தமிழரசி.

“நீ சும்மா இரு. டீச்சர் பாக்கட்டும்.”

அம்மா ஒருக்களித்தாள். டாக்டர் சொன்னது போலவே முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கால்களை வெளியே விட்டாள். அதுவரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “பேஷ்,” என்றார்.

அம்மா வலது காலை நீட்டிப் பலகையைத் தேடினாள். கால் காற்றில் துழாவியது. இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். விளிம்பு அமுங்கியது. அவள் இரண்டு கையாலும் விரிப்பைப் பற்றினாள். விரிப்பும் அவளோடு சேர்ந்து நழுவியது. புடவை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. அதை இழுத்துவிடக்கூட ஒரு கை மிச்சமில்லை.

தமிழரசி ஓடிவந்து பலகை மேல் ஏறினாள்.

“வராதடி. விடு. நான் இறங்குறேன்.”

“விழுந்துடுவம்மா.”

“விழுந்தா விழறேன். நீ போ, அடுப்பைப் பாரு. உன்னைப் போகச் சொன்னேன்ல? போடி!”

அப்படிச் சொல்லும்போதே அம்மாவின் கைகள் விரிப்பை விட்டுவிட்டு மகளின் கழுத்தைப் பற்றிக்கொண்டன. எவ்வளவு இறுக்கம் என்றால் தமிழரசிக்கு மூச்சு முட்டியது. வழக்கம்போல மார்போடு அணைத்து, ஒரு படி, இன்னொரு படி என்று இறக்கினாள். தரையில் பாதம் பட்ட பிறகும் அம்மா விடவில்லை. மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “எனக்குப் பயமா இருக்குடி, பயமா இருக்குடி,” என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். சிறுநீர் புடவையைத் தாண்டித் தரையில் சொட்டியது.

டீ பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் வாடை அடித்தது. வத்சலா டீச்சர் எழுந்து போய் அடுப்பைத் திருகி மூடினார். பிறகு திரும்பி நின்று, கட்டிலைப் பார்த்தார், அதன் அடியிலிருந்த பாயைப் பார்த்தார், சிமெண்ட் பூசிய செங்கல்லைப் பார்த்தார்.

தமிழரசி அம்மாவை அணைத்தபடியே பாத்ரூம் பக்கம் நகர்த்திக்கொண்டு போனாள். வாசல் நிலைப்படியில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். வாழ்நாளில் முதல் முறையாக, வெளி ஆள் ஒருவரிடம், யாரும் கேட்காமலே, அவளாக ஒன்று சொல்ல வாயைத் திறந்தாள். “டீச்சர், நான் இந்த வாரத்துக்குள்ள வந்து...” என்றாள்.

வத்சலா டீச்சர் ஆரஞ்சுப் பையை நாற்காலியின் மேல் வைத்தார். சால்வையைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வராண்டாவில் குனிந்து செருப்பை மாட்டினார். சந்தின் திருப்பம் வரை அவர் போவது தெரிந்தது. பேர் கொடுக்கும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை.